போட்டோவில் திறந்துவிட்ட கண்கள்

சாமி படம் வரைந்து விற்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் போனுக்குள் இருக்கும் உங்கள் படத்தை நம்பாதீர்கள். வாங்க வருகிறவரைச் சந்தேகப்படுங்கள், கூரியர்காரரைச் சந்தேகப்படுங்கள், தப்பே இல்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால், நீங்களே எடுத்து, நீங்களே ஓரம் வெட்டி, நீங்களே நிறம் திருத்தி வைத்திருக்கிறீர்களே, அந்தப் போட்டோவைச் சந்தேகப்படுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். மலையாள எல்லையில் இருக்கும் சித்தூர் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவர். கல்யாணம் கட்டிவந்த நாளிலிருந்து சமையல் முடிந்த நேரத்தில் சாமி படம் வரைந்துகொண்டிருந்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மெல்லிய தூரிகைக் கோல் பிடிக்க முடியவில்லை, போதும் என்று வைத்துவிட்டேன். நம் குழுவில் இருப்பவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் அக்கா என்றார்கள். நிறம் கலப்பதும் துணி இழுத்துக் கட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் கொடுக்க இருப்பது கொஞ்சம் பயம்தான். அது உதவும்.

சித்தூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போன இடத்தில், போனில் நான் எடுத்து வைத்திருந்த சாமி படத்தைப் பார்த்துவிட்டு, படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கம்மா, அந்தத் தாள் போனில் வெள்ளையாகத் தெரிகிறவரை நிறத்தைத் திருத்துங்க, அதற்கு மேல் ஒரு இழைகூடத் தொடாதீங்க என்றார். அவர் பேச்சைக் கேட்டவரை எனக்குக் கெடுதல் வந்ததில்லை. மீறியபோதெல்லாம் வந்தது.

கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரத் தம்பி ஒருவர் ஜகந்நாதர் படம் கேட்டார். அந்தப் படத்தில் மூன்று சாமி: அண்ணன் வெள்ளை, தம்பி கறுப்பு, நடுவில் தங்கை மஞ்சள். வரைந்து முடித்து, தொழுவத்தின் வடக்குப் பக்க நிழலில் வைத்துப் போட்டோ எடுத்தேன். வெள்ளைத் தாள் சரியாகத்தான் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் இருக்கிற மாதிரி இருந்தால் இன்னும் பக்தியாக இருக்குமே என்று, போனில் நிறத்தின் சூட்டைக் கூட்டுகிற கோட்டைக் கொஞ்சம் தள்ளினேன். எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அனுப்பினேன். அந்தத் தம்பி போனில் கூப்பிட்டுக் கேட்டார்: "அக்கா, ரெண்டு தங்கச்சி இருக்கு. அண்ணன் எங்கே?"

சூட்டைக் கூட்டியதில் வெள்ளை அண்ணன் மஞ்சளாகிவிட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. சாமியைத் தெரியாத ஆளிடம் படம் கேட்டுவிட்டோமே என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரில் வந்து படத்தைப் பார்த்த பிறகுதான் அது தீர்ந்தது. அழகாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றும் அந்த நிமிடத்தில்தான் போனைக் கீழே வைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதாக நினைத்தேன்.

இனிக் காந்தலூர் விஷயம்.

மலைமேல் காந்தலூரில் ராமையா அண்ணன் என்று ஒருவர், பூண்டும் கேரட்டும் போடுகிறவர். தோட்டத்து ஓரத்தில் அவர்கள் குடும்பத்துக் காளியம்மன் கோவில். சின்னதுதான், நாலு பேர் நிற்கலாம். அம்மன் சிலையாக இல்லை, பின்சுவரில் எழுதிய படமாக இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஊறி விழுந்துவிட்டது. கோவிலைத் திருப்பிக் கட்டியபோது, இனிமேல் சுவரில் வேண்டாம், துணியில் எழுதிச் சட்டம் போட்டு வைக்கலாம் என்று முடிவு செய்து, யாரோ சொல்லி என்னிடம் வந்தார்கள். அண்ணனின் வீட்டுக்காரம்மா பெயர் செல்லம்மா. சுவர் விழுந்த நாளிலிருந்து அந்த அம்மா ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். ஆத்தா கண் திறக்கிற அன்றைக்குத்தான் உப்புப் போட்டுச் சாப்பிடுவேன் என்று நேர்ந்துகொண்டிருந்தார்.

நம் தொழிலில் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் மாட்டுகிற படத்துக்கு இந்த முறை பார்ப்பதில்லை. ஆனால் பூஜைக்கென்று எழுதுகிற அம்மனுக்கு எல்லாம் முடித்தாலும் கண்ணை மட்டும் எழுத மாட்டோம். அந்த இரண்டு இடத்திலும், துணிக்கு முதலில் போடும் வெள்ளைப் பூச்சோடு வெறுமனே விட்டுவிடுவோம். அதுவரை அது துணியும் சாயமும்தான், சாய்த்து வைக்கலாம், ஓரமாகப் படுக்கப் போடலாம். எந்த இடத்தில் அவள் இருக்கப் போகிறாளோ அங்கே போய், அந்தக் குடும்பத்துக்கு முன்னால், குறித்த நேரத்தில் கண் திறப்போம். வேறு வீட்டில் கண் திறந்துவிட்டால் அவள் அந்த வீட்டுக்காரி. பிறகு இன்னொருவர் கோவிலில் கொண்டுபோய் வைக்க முடியாது.

படம் நன்றாகவே வந்தது. அம்மன் அருள் என்றுதான் சொல்வேன். முகத்துக்குக் கருநீலம், மேலுக்கு மேல் பல கை பூசினேன். கண் இருக்கும் இடம் மட்டும் பாதாம் கொட்டை வடிவில் வெள்ளையாக நின்றது. பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், அதனால் வேலையில்லாத நேரத்தில் மஞ்சள் துணி போட்டு மூடிவிடுவேன். நிறமும் நகையும் சரியா என்று அவர்கள் பார்க்க ஒரு போட்டோ அனுப்ப வேண்டியிருந்தது. மகன் அப்போதுதான் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். வெள்ளைத் தாள் வைத்து எடுத்தேன், ஓரம் வெட்டினேன், கோணல் நிமிர்த்தினேன், நிறத்தைச் சரி பார்த்தேன். மூக்குத்திக்குப் பக்கத்தில் மட்டும் பூச்சு மினுங்கி ஒரு வெளிச்சத் திட்டு விழுந்திருந்தது. புதுப் போனில் வேண்டாததை அழிக்கிற வசதி ஒன்று உண்டு. விரலால் அந்தத் திட்டைச் சுற்றி வட்டம் போட்டேன். அழிந்துவிட்டது. மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. மூக்குத்தியையே பார்த்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

பதில் வரவில்லை. நல்லா இருக்குது என்றோ, நகை பத்தாது என்றோ ஒரு வார்த்தை இல்லை. பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் போன் காட்டியது. பிள்ளைகளே, பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் அங்கே நான்கு பேர் உட்கார்ந்து நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். மறுநாள் ராமையா அண்ணன் கூப்பிட்டார். மழை, விலை, பஸ் என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். பிறகு குரலை இறக்கினார்.

"யக்கா, ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சுக்கிராதீக. ஆத்தாளுக்குக் கண்ணு தெறந்தாச்சா?"

"இல்லீங்ணா. அங்க வந்து உங்க முன்னாலதானுங்க தொறக்கோணும்."

"அப்ப போட்டாவுல என்னயப் பாக்குறது யாரு?"

அவர் லைனில் இருக்கும்போதே போனை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, நான் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மனுக்குக் கண் இருந்தது. ஈரமாக, இமை முடியோடு, பழுப்பு விழியோடு, சினிமாக்காரிக்கு இருக்கிற மாதிரி இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குள் அந்தப் பக்கத்தில் போன் கை மாறிவிட்டது. செல்லம்மாவின் தம்பி முத்துவேல் பேசினார். உடுமலைப்பேட்டையில் அம்மன் படத்தை டைல்ஸில் அச்சடித்துத் தருகிறார்கள், அதுவே போதும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர். வேறு யார் வீட்டுக்கோ கண் திறந்து, அவர்கள் வேண்டாமென்று திருப்பியதை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்டார். அவர்கள் மலையில் காய்ச்சும் வெல்லத்துக்கு மறையூர்ச் சர்க்கரை என்று பெயர். அந்தப் பெயரைப் போட்டு வேறு எங்கோ காய்ச்சியதை விற்கிறவர்களிடம் அவர் ஒருமுறை நன்றாக ஏமாந்தவராம். "கீழ இருக்கவுக எங்க சக்கரையவே எங்களுக்கு விக்கிறவுக. ஆத்தாள விக்க மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மஞ்சள் துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கக் கை வரவில்லை. கண் இருந்துவிட்டால் என்ன செய்வது? விளக்கேற்றி, அம்மா தாயே என்று சொல்லித் தூக்கினேன். வெறும் வெள்ளைத் துணிதான். அப்பாடா என்று இருந்தது, உடனே அடுத்த சந்தேகம் வந்தது. படத்தில் இல்லாத கண் போட்டோவில் எப்படி வந்தது? வீட்டில் போனைத் தொடுகிற இன்னொரு ஆள் மருமகள் கவிதா. முகத்தை வெள்ளையாக்குவது, கன்னத்தைச் சிவப்பாக்குவது எல்லாம் அவளுக்கு விளையாட்டு. கூப்பிட்டுக் கேட்டேன். கேட்ட தோரணை நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கவிதா போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்கத்தை, சாமிக்கு மை போட்டு உடறவளாட்டவா நான் தெரியறேன்?" என்றாள். பிறகு திருத்தாத போட்டோவை எடுத்து, நான் செய்த மாதிரியே மூக்குத்திப் பக்கத்தில் வட்டம் போட்டாள். கண் வந்தது. ஆனால் அது வேறு கண். கொஞ்சம் சின்னது, கறுப்பு விழி. திரும்பவும் அழித்துவிட்டு வட்டம் போட்டாள். இன்னொரு கண், அது எங்கோ பக்கத்தில் பார்த்தது. "முகம்னு தெரிஞ்சாப் போதுமுங்கத்தை, கண்ணு இல்லாட்டி அதுவே ஒண்ணக் கொண்டாந்து வெச்சுடும்" என்றாள். அவள் விரலைப் பிடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

நாம் எதை நேரம் பார்த்து, குளித்து, விரதமிருந்து செய்ய வேண்டும் என்று விட்டு வைத்திருந்தோமோ, அதைக் குறை என்று எண்ணி அந்தப் போன் சரிசெய்துவிட்டது.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னொரு போட்டோ புடிச்சு அனுப்பிச்சுட்டாப் போவுது. இதுக்கேன் இப்படி ஒக்காந்துட்டே?" என்றார். மகன் வெளியூரிலிருந்து வீடியோவில் காட்டச் சொன்னான். இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். அவசரத்தில் நம் கை முதலில் போனுக்குத்தான் போகும். நான் முத்துவேல் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். முதல் போட்டோவில் கண் இருந்தது, இரண்டாவதில் இல்லை என்றால் நான் என்ன நினைப்பேன்? அழித்துவிட்டாள் என்றுதான் நினைப்பேன். வீடியோ என்றாலும் செத்துப்போனவர்களைப் பாட வைக்கிற காலம் இது. ஒரு போட்டோ கெடுத்த பெயரை இன்னொரு போட்டோ மீட்டுத் தராது. படமே போக வேண்டும்.

வாடகைக்கு ஒரு ஜீப் பேசி, படத்தை மஞ்சள் துணியில் சுற்றி, நானும் வீட்டுக்காரரும் விடியும் முன்னே கிளம்பினோம். வருகிறோம் என்று அங்கே சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள், அதை மீறிப் போக முடியாது. மறையூர்ச் சந்தனக் காட்டுக்குள் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். காவலர் சுற்றிக் கட்டியதைப் பார்த்து, எந்தா இது என்று மலையாளத்தில் கேட்டார். கோவிலுக்கு அம்மன், இன்னும் கண் திறக்கவில்லை, அவிழ்க்கச் சொல்லாதீர்கள் என்றேன். அவர் குனிந்து சட்டத்து மரத்தை விரலால் தட்டினார், மூக்கை வைத்து மோந்து பார்த்தார். வண்டி நகர்ந்த பிறகு வீட்டுக்காரர், "சந்தனக் கட்டைய யாராச்சும் மறையூருக்குக் கொண்டு போவாங்களா? வரும்போது மோந்து பாக்கறதுல ஒரு நாயம் இருக்குது" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மை ஒருவர் சந்தேகப்பட்டால் வழியில் போகிறவரெல்லாம் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்.

காந்தலூரில் வெயில் அப்போதுதான் மலைக்கு மேலே வந்திருந்தது. ராமையா அண்ணன் எங்களைப் பார்த்துத் திகைத்தார். வாங்க என்றார், ஆனால் நாற்காலியை வாசலில்தான் போட்டார். பால் இல்லாத கட்டன் காப்பி வந்தது. செல்லம்மா அடுக்களைக் கதவோரம் நின்றார். என்னிடம் முதலில் படம் சொல்ல வந்தபோது பார்த்த முகம் இல்லை அது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய நின்றார். சுற்றிக் கட்டிய மஞ்சள் துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மன் வேண்டாமென்றால் இன்னொருத்தி எழுதி முடிக்கிறவரை அந்த அம்மாவுக்கு உப்பு இல்லை. எனக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது. என் பெயர் போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் அந்தக் கவலையும் ஓரமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போன் செய்த வேலையை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். சொல்லும்போதே அது கட்டுக்கதை மாதிரி என் காதிலேயே விழுந்தது. அம்மன் முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லித் துணியை அவிழ்த்தேன்.

முத்துவேல் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தார். கை மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் குந்தினார். வெள்ளையாக நிற்கும் கண்களை ரொம்ப நேரம் பார்த்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"வெள்ளையடிச்சா கறுப்பு மறஞ்சு போகும்க்கா" என்றார். "எங்க வீட்டுச் செவுத்துலயே அடிச்சிருக்கோம். ஒரு ஓரத்துல லேசாச் சொரண்டிப் பாத்துக்கிரட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். கட்டை விரல் நகம் அம்மனின் இடது கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சுரண்டினால் பூச்சு பெயரும், துணி இழை தெரியும். அந்தக் கண்ணில் பிறகு சாயம் சரியாக நிற்காது, பழுதான கண்ணோடு ஒரு அம்மனைக் கோவிலில் வைக்க முடியாது. வேண்டாம் என்று சொன்னால் நான் திருடி. வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். ராமையா அண்ணன் மச்சினனைத் தடுக்கவும் இல்லை, சுரண்டு என்று சொல்லவும் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அவர் மாதிரியே யோசிக்க ஆரம்பித்தேன். வேறு ஒருத்தி கறுப்புக் கண்ணுக்கு மேலே வெள்ளை அடித்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினால், படத்தைத் தொடாமல் எப்படிக் கண்டுபிடிப்பேன்? முன்பக்கம் பார்த்தால் தெரியாது. பின்பக்கம் வெளிச்சம் இருந்தால் தெரியும். மேலே எத்தனை கை வெள்ளை பூசினாலும் அடியில் இருக்கும் கறுப்பு வெளிச்சத்தை விடாது. ஒன்றும் எழுதாத துணி விடும்.

ஆனால் இதை நான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. முதலில் போட்ட வெள்ளைப் பூச்சு அந்த இடத்தில் கனமாக விழுந்திருந்தால்? எங்காவது திட்டாக நின்றிருந்தால்? அது கறுப்பு மாதிரியே தெரியும், அதோடு என் கதை முடிந்தது. இருந்தாலும் நகத்துக்குக் கொடுப்பதைவிட வெயிலுக்குக் கொடுக்கலாம் என்று பட்டது.

"நகம் வேண்டாமுங்க தம்பி" என்றேன். "வெயிலுக்கு நேராத் தூக்கிப் புடிங்க. அடியில மை இருந்தா அதுவே காட்டிக் குடுத்துரும். அப்ப நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

வீட்டுக்காரரும் ராமையா அண்ணனும் சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். படத்தின் முதுகு சூரியனுக்கு, முகம் எங்களுக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், ஆனால் மூடவில்லை. பார்த்தேன்.

கருநீல முகம் கரியாக இருண்டு போனது. நகை, பட்டு, மாலை எல்லாம் இருட்டுக்குள் போய்விட்டன. இரண்டு கண்கள் மட்டும் எரிந்தன. ஒரு திட்டு இல்லை, ஒரு புள்ளி இல்லை. காலை வெயில் முழுக்க அந்த இரண்டு வழியாகத்தான் வருகிற மாதிரி இருந்தது.

செல்லம்மா கதவை விட்டு இறங்கி வந்து, ஆத்தா என்று ஒரு சொல் சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முத்துவேல் குந்தியிருந்தவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "துணியப் போட்டு மூடுங்கக்கா" என்றார். குரல் மாறியிருந்தது.

மூடிய பிறகு ராமையா அண்ணனுக்கு வேறு கவலை வந்தது. "யக்கா, இதுவே கண்ணு தெறந்த கணக்காயிருமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, இந்தக் கண்ணுக்குக் கோல் பிடித்தது நான் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர், சூரியன் பார்த்தது சூரியனோடு போகட்டும், நாம் குறித்த நாளிலேயே பார்த்துக்கொள்வோம் என்றார். நாற்காலிகளை அவரே வீட்டுக்குள் எடுத்துப் போனார். படத்தை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ஊர் திரும்பினோம்.

அதற்குப் பிறகு, வரைவதை விடும்வரை நான் வைத்துக்கொண்ட பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகத்தில் வெளிச்சத் திட்டு விழுந்தால் போனில் அழிப்பதில்லை, படத்தைத் திருப்பி வைத்து மறுபடி எடுப்பேன். நாலு தடவை என்றாலும் சரி. திருத்தாத போட்டோவையும் திருத்தியதையும் சேர்த்தே அனுப்புவேன், எதில் என்ன செய்தேன் என்று வாயால் சொல்லியும் அனுப்புவேன். அனுப்புவதற்கு முன்னால், நான் தொட்ட இடத்தை விட்டுவிட்டு, தொடாத இடத்தையெல்லாம் பார்ப்பேன். தொட்ட இடத்தை நம் கண் தானாகப் பார்க்கும். களவு நடப்பது மற்ற இடத்தில். கவிதாவிடம் அந்த வாரமே, கேட்ட தோரணை தப்பு என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லீங்கத்தை என்றாள், ஆனால் அன்றிலிருந்து என் போனைத் தொடும் முன் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாள். சந்தேகத்துக்கு அந்தக் கூலியும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

குறித்த நாளில் காந்தலூர்க் கோவில் வாசலில் சொந்தக்காரர்கள் நிறைய இருந்தார்கள். படத்தைப் பின்சுவரில் ஏற்றியிருந்தார்கள். கண் திறக்கும்போது எழுதுகிறவர் அம்மன் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. எதிரே ஒருவர் கண்ணாடி பிடிப்பார். நாங்கள் பக்கவாட்டில் நின்று, கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்து எழுதுவோம். அம்மன் முதல் பார்வை அந்தக் கண்ணாடியில் விழும். பிடித்திருப்பவர் மேலும் விழும் என்று சொல்வார்கள். அதனால் எந்த ஊரிலும் கண்ணாடி பிடிக்க யாரும் முன்னால் வருவதில்லை, ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் என் வீட்டுக்காரர்தான் பிடிப்பார். மனதில் கள்ளம் உள்ளவர் பிடித்தால் கண்ணாடி நிற்காது என்று ஒரு பேச்சும் உண்டு.

வீட்டுக்காரர் கை கழுவப் போனார். முத்துவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குளித்து, ஈர வேட்டியோடு இருந்தார்.

"நான் பிடிக்கேன்க்கா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒங்களுக்கு என் மேல சந்தேகம்னா வேற ஆளப் பாருங்க."

உண்மையைச் சொன்னால், சந்தேகம் இருந்தது. நகம் நீட்டிய கை அது. கூட்டத்தில் கண்ணாடி ஆடினால் கோடு பிசகும், பிசகினால் அழிக்க முடியாது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தேன். என் படத்தை அந்த ஊரில் அவர் பார்த்த அளவுக்கு உற்றுப் பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை. கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

அம்மனை நினைத்துக் கோலை மையில் தோய்த்தேன். முதலில் வலது கண், பிறகு இடது. நடுவில் ஒருமுறை கோலை எடுத்து, மூச்சு விட்டுத் திரும்பவும் வைத்தேன். கண்ணாடி அசையவில்லை. இரண்டாவது விழி முடிந்ததும் கொட்டு முழங்கியது, குலவை எழுந்தது, எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு கும்பிட்டார்கள். நான் ஒதுங்கி வந்துவிட்டேன். செல்லம்மாவை உட்கார வைத்து, யாரோ உப்புப் போட்ட கஞ்சியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது முத்துவேல் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார். தோளெல்லாம் நடுங்கியது, கண்ணாடி மட்டும் நேராக நின்றது. இறக்கலாம் என்று அவரிடம் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம்.